நேர்ந்துவிடப்பட்ட என் முதுகு

நான் வார்ட்டில் மூக்கில் குழாயோடு கிடந்த நேரம், என் முதுகை ஒருவர் அம்மாளுக்கு நேர்ந்துவிட்டார். நேர்ந்தவர் என் மச்சான், மனைவியின் அண்ணன். முதுகு மட்டும் என்னுடையது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இவன் தப்பினா வாற சடங்குக்கு முள்ளுக்காவடி எடுப்பான் தாயே" என்று அழுதாராம். முள்ளுக்காவடி என்றால், முதுகுத் தோலில் கொக்கிமுட்களைக் குத்தி, கட்டிய கயிற்றைப் பின்னால் ஒருவர் இழுத்துப் பிடிக்க, பறைச் சத்தத்துக்கு ஆடிக்கொண்டு போவது. நானோ ஊசியைக் கண்டால் கண்ணை மூடிக்கொண்டு நேர்ஸிடம் மழையைப் பற்றிக் கதைக்கிறவன்.

செங்கலடிச் சந்திக்குப் பக்கத்தில் எனக்குச் சைக்கிள் கடை. கரடியனாற்று விவசாயி ஒருவரின் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோதுதான் நெஞ்சைப் பிடித்தது. அவரே என்னை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனார். அன்றைக்குப் பின்சக்கர டயருக்குக் காற்றுப் போதவில்லை என்று இன்றைக்கும் குறை சொல்கிறார். இதயத்துக்குப் போகும் இரத்தக் குழாயில் அடைப்பாம். ஸ்டென்ட் என்கிற சின்னக் கம்பிவலைக் குழாயை உள்ளே வைத்துத் திறந்துவிட்டார்கள். அதற்குள் இரத்தம் கட்டியாகாமல் இருக்கத் தினமும் இரண்டு குளிசை தந்தார்கள். ஒன்று அஸ்பிரின், மற்றது குளோபிடோக்ரல்.

சடங்கு, அதாவது அம்மாள் கோயிலின் வருடத் திருவிழா, நெருங்கியது. ஒரு காலை சவரம் எடுக்கும்போது நாடியில் பிளேட் பட்டுவிட்டது. கடுகளவு வெட்டு. வந்த இரத்தத்தைப் பார்த்தால் ஆடு அறுத்த இடம்போல் இருந்தது. துவாயை அழுத்திக்கொண்டு முற்றத்தில் நிற்கையில் மச்சான் வந்தார்.

"என்னகா இது?"

"குளிசையால மச்சான். லேசில நிக்காது."

அவர் யோசித்தார். மச்சான் யோசிக்கத் தொடங்கினால் யாருக்கோ கேடு, பெரும்பாலும் எனக்கு.

"அப்ப முள்ளுக் குத்தினா?"

"ஓடும்."

"அப்ப ஒண்டு செய். குளிசைய ஒரு கிழமைக்கு, ஏழே ஏழு நாள், நிப்பாட்டு. காவடி முடிஞ்சு மறுகா போடு. அந்த ஒரு கிழமையும் அம்மாள் பாத்துக்கொள்ளுவா."

கேட்க நியாயமாக இருந்தது. அதுதான் அதன் ஆபத்து. மனைவியும் கதவடியில் நின்றாள். "நேத்தி செய்யாட்டி அம்மாள் கோவிப்பா. இன்னொருக்கா உங்களுக்கு நெஞ்சப் பிடிச்சா நான் என்ன செய்யிற?" என்றாள். அவள் முகத்தைப் பார்த்து எனக்குப் பகிடி வரவில்லை. எல்லாவற்றுக்கும் பகிடி விடுகிறவனுக்கு அது பெரிய கஷ்டம்.

கிளினிக்கில் டொக்டரம்மாவிடம் கேட்டேன்.

"குளிசைய நிப்பாட்டச் சொன்னது ஆரு?"

"மச்சான்."

"அவர் டொக்டரா?"

"உழவு மெசின் ஓடுறவர்."

அவர் சிரிக்கவில்லை. "ஸ்டென்ட் வச்சு ஒரு வருஷமும் ஆகல்ல. நீங்களா நிப்பாட்டினா அதுக்குள்ளயே ரத்தம் கட்டிப் போகும். திரும்ப அட்டாக் வரும், உசிரே போகலாம். முள்ளும் குத்தப்படாது, குளிசையும் நிப்பாட்டப்படாது. பல்லுப் புடுங்கிறதெண்டாலும் முதல்ல எங்களிட்டக் கேளுங்க. மேல்நோவுக்குக் கடையில கண்டபடி குளிசை வாங்கிப் போடாதீங்க. மலம் கறுப்பாப் போனா உள்ளுக்கு ரத்தம் கசியிது, உடன வாங்க."

என் மண்டைக்கு இதெல்லாம் சைக்கிள் பாஷையில்தான் ஏறும். இரத்தத்துக்குள்ளே பஞ்சர் ஒட்டுகிற கூட்டமொன்று ஓடித் திரிகிறது. எங்கே ஓட்டை கண்டாலும் விழுந்தடித்து ஒட்டும். கம்பிவலையைக் கண்டால் அதையும் ஓட்டை என்று நினைத்து, ஒட்டி ஒட்டிக் குழாயையே அடைத்துவிடும். குளிசை அந்தக் கூட்டத்தைச் சோம்பேறியாக்கி வைக்கிறது. சவர வெட்டில் இரத்தம் நிற்காததும் அதனால்தான். ஒட்டுகிறவர்கள் தூங்கும்போது டியூபில் ஆணி அடிக்கிற மடையன் எந்தக் கடையிலும் இல்லை.

வீட்டுக்கு வந்து மச்சானிடம் சொன்னேன். "குளிசையும் நிப்பாட்டமாட்டன். முள்ளும் குத்தமாட்டன்."

"பயந்தாங்கொள்ளி."

"ஓம். பயந்தபடியாத்தான் உசிரோட நிக்கன்."

"அம்மாளிட்ட வாக்குக் குடுத்தாச்சு!"

"வாக்கு உங்கட வாயால வந்தது. உங்கட முதுகக் கொண்டு போங்க. என்டயவிட அகலமும் கூட."

மச்சான் தொண்டையைச் செருமினார். "எனக்குச் சீனி வருத்தம்கா. காயம் ஆறாது. அது அம்மாளுக்குத் தெரியும்தானே."

"உங்கட சீனி அம்மாளுக்கு விளங்கும், என்ட நெஞ்சு மட்டும் விளங்காதா?"

மனைவி அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க அண்ணன்" என்றாள். அவர் குடித்துவிட்டுப் போனார். ஆனால் அவளுடைய பயம் போகவில்லை, எனக்குத் தெரியும்.

சடங்கன்று முள்ளுக்குப் பதிலாக அவளோடு நானும் கற்பூரச்சட்டி எடுத்தேன், கற்பூரம் எரியும் மண்சட்டியைக் கையில் ஏந்தி நடப்பது. எங்கள் ஊரில் அது பெண்கள் வரிசை. தாவணிக்காரிகளுக்கும் பேத்தி கண்டவர்களுக்கும் நடுவில், தொந்தியும் வேட்டியுமாக நான் ஒருவன். தெருவோரம் நின்ற கூட்டாளி ஒருவன் கத்தினான்.

"என்னகா, சீலைய ஊட்ட விட்டுட்டா வந்த?"

"ஓம்கா, உன்ட பெண்சாதி இரவல் வாங்கிக்கிட்டுப் போயிட்டா!"

பெண்கள் வரிசை முழுக்கச் சிரித்தது. அவனுடைய பெண்சாதியும் அந்த வரிசையில்தான் இருந்தாள்.

கோயில் வாசலில் சிரிப்பு நின்றது. அம்மாள் உருவேறி ஆடி வாக்குச் சொல்பவர் வேப்பங்குலையோடு வந்து என் முன்னால் நின்றார்.

"முள்ளு எங்கடா?"

மச்சானின் நேர்த்தி ஊருக்கே தெரியும். பறையும் நின்றுவிட்டது. ஊர் முழுக்க என் முதுகைப் பார்ப்பது முதுகுக்கே தெரிந்தது. பக்கத்தில் மனைவி "பொறுத்துக்கொள்ளம்மா" என்று முணுமுணுத்தாள்.

"தாயே" என்றேன், எல்லோருக்கும் கேட்கவே. "முள்ளுக் குத்தினா என்ட ரத்தம் நிக்காது. குளிசைய விட்டா நெஞ்சு நிண்டுபோகும். நீ தந்த உசிர் ஒண்டுதான் கிடக்கு, அத நான் காவல் காக்கன். அதுக்குக் கோவமெண்டா என்னோட வை. இவள வெருட்டாத."

அவர் வேப்பங்குலையைச் செம்புக்குள் முக்கினார். பிறகு செம்பிலிருந்த மஞ்சள் தண்ணீரை எங்கள் இருவர் முகத்திலும் அடித்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். அது சம்மதமா கோபமா, எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் என் பதில் அதுதான்.

பறை திரும்ப முழங்கியது. சட்டியை இறக்கி வைத்த கையோடு மனைவி முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு குளிசைகளை என் கையில் வைத்தாள்.

"சாப்பிட்டுட்டுப் போடுங்க. வெறும் வயித்தில போட்டா வயிறு எரியும்."

அன்னதான வரிசை குளத்துக்கட்டு நீளத்துக்கு நின்றது. நான் நேராக முன்னுக்குப் போய் வாழையிலையை நீட்டினேன். பின்னாலிருந்து நாலைந்து குரல் ஏசின. "நெஞ்சு வருத்தக்காரன், குளிசை போடோணும்!" என்று அவர்களைவிடப் பலமாகக் கத்திவிட்டு, இன்னொரு அகப்பை பருப்பும் கேட்டேன்.