மெற்றில்டா ரீச்சரும் மயிலிட்டிப் பெண்களின் களிசானும்

மெற்றில்டா ரீச்சர் இன்று விடிய ஐந்தரைக்குச் செத்துப்போனார்.

இறைபதம் அடைந்தார், காலமானார் என்றெல்லாம் எழுதி அழித்துவிட்டேன். அவர் நேராகக் கதைக்கிற ஆள்.

தெரியாதவர்களுக்கு... எங்கள் பள்ளிக்கூடத்தில் ஏ.எல் தொழிற்பிரிவுப் பிள்ளைகளுக்கு ஆடை வடிவமைப்பும் தையலும் படிப்பித்தவர். குருநகர்க்காரி, கடற்றொழில் குடும்பம். நான் அங்கேயே கணித ஆசிரியர்.

காலையிலிருந்து ஆசிரியர் வாட்ஸ்அப் குழு முழுக்க மெழுகுதிரிப் படங்கள். ஒப்பற்ற ஆசான்... ஈடுசெய்ய முடியாத இழப்பு... இருக்கட்டும். நடந்ததையும் யாராவது இங்கே ஃபேஸ்புக்கில் எழுதவேண்டும்தானே. கோபம் வருகிறவர்கள் என்னை அன்ஃபிரண்ட் பண்ணலாம்.

அவர் வந்த முதல் நாள், ஸ்டாஃப் ரூமில் ஒருவர் எந்த யூனிவர்சிட்டி என்று கேட்டார். கேட்ட விதம் நல்லதில்லை.

"காமென்ற், சேர். கொழும்புப் பக்கம், பதினொரு வருஷம். அங்கை பெயிலாக்க மாட்டினம். வீட்டை அனுப்பிப்போடுவினம்."

காமென்ற் என்கிற ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த பெண் என்றால் இங்கே கலியாணப் பேச்சே நின்றுபோகும். பலர் மறைப்பார்கள். இவர் அன்றைக்கே பிள்ளைகளுக்கும் சொல்லிவிட்டுத்தான் ஊசியைக் கையில் எடுத்தாராம்.

அந்த வகுப்புக்கு வந்த பிள்ளைகள் அநேகமாக ஓ.எல் பரீட்சையில் தவறியவர்கள்; தொழிற்பிரிவில் சேர அது தடையில்லை. புத்தூரிலிருந்து வந்த தர்சிகா என்னிடம் படித்து, கணிதத்தில் இரண்டு முறை பெயில். உனக்குக் கணக்கு வராது என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லியிருக்கிறேன். ஓம், நான்தான்.

ஒருநாள் கரும்பலகைக்குச் சோக் கேட்டு அந்த வகுப்புக்குள் போனேன். தர்சிகா பிறவுண் பேப்பரில் ஒரு சட்டைக்கு வரைந்துகொண்டு நின்றாள். நெஞ்சளவில் நாலிலொன்று, தளர்வுக்கு ஒன்றரை இஞ்ச், தையலுக்கு முக்கால்... எல்லாம் மனக்கணக்கு. ரீச்சர் என்னைப் பார்த்தார்.

"உங்களிட்டைப் பெயிலான பிள்ளைதானே, சேர்? பிழை இருந்தாச் சொல்லுங்கோ."

பிழை இல்லை. சோக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இனித்தான் எழுதக் கஷ்டமான பகுதி.

பாடசாலைக் கண்காட்சிக்கு மணப்பெண் பிளவுஸ் தைத்து வையுங்கள் என்று அதிபர் சொல்லியிருந்தார். ரீச்சர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மயிலிட்டித் துறைமுகத்துக்குப் போனார். அங்கே மீன் தரம் பிரிக்கிற, கருவாடு போடுகிற பெண்கள் புருஷன்மாரின் பழைய சேர்ட்டை மேலே போட்டு, பாவாடையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு வெயிலில் நிற்பார்கள். பிள்ளைகள் அவர்களிடம் கேட்டு, அளந்து, ஒரு வேலை உடுப்பு தைத்தார்கள். குந்தினால் இறுக்காத, கணுக்கால் வரை வரும் அகலக் களிசான். மணிக்கட்டு வரை கை வைத்த மேற்சட்டை. போன் நனையாமல் இருக்க நெஞ்சில் மூடி வைத்த பொக்கற்.

பிரதம விருந்தினர் வரும் நாளில் மீன்காரிகளின் உடுப்பைக் காட்டுவது பாடசாலையின் பெயருக்கு அழகல்ல என்று ஆசிரியர்கள் ஒன்பது பேர் அதிபருக்குக் கடிதம் கொடுத்தோம்.

ஒன்பதாவது கையெழுத்து என்னுடையது. மற்ற எட்டுப் பேரில் ஆறு பேர் இன்று மெழுகுதிரி போட்டிருக்கிறார்கள்.

பிளவுஸ் வைக்காவிட்டால் மண்டபத்தில் இடமில்லை, சைக்கிள் கொட்டிலில் வையுங்கள் என்றார் அதிபர். ரீச்சர் நன்றி சொல்லிவிட்டுப் போய்க் கொட்டிலைக் கூட்டினார். பிள்ளைகள் கயிறு கட்டி உடுப்புகளைத் தொங்கவிட்டார்கள்.

கண்காட்சியன்று விருந்தினருக்காக நாங்கள் மாலையோடு கேற்றில் நிற்கிறோம். மயிலிட்டியிலிருந்து வான் ஒன்று வந்து நின்றது. பதினான்கு பெண்கள் இறங்கினார்கள். எல்லோரும் பிள்ளைகள் தைத்துக் கொடுத்த களிசானும் மேற்சட்டையுமாக. காவலாளி பின் கேற்றைக் காட்டினார். ரீச்சர் கொட்டிலிலிருந்து நடந்து வந்து அவருக்கு முன்னால் நின்றார். சத்தம் போடவில்லை.

"இவை என்ரை பிள்ளையளின்ரை சோதினையைத் திருத்த வந்த ஆக்கள். பெரிய கேற்றாலைதான் வருவினம்."

வந்தார்கள். எங்கள் மாலைகளைத் தாண்டி, நடு முற்றத்தால்.

கொட்டிலில் உண்மையாகவே சோதனைதான் நடந்தது. அந்தப் பெண்கள் குந்திப் பார்த்தார்கள், கூடை தூக்கிப் பார்த்தார்கள், குறை சொன்னார்கள். ஒருவர் தர்சிகாவிடம் கமக்கட்டுப் பக்கம் இழுக்குது பிள்ளை என்று கையைத் தூக்கிக் காட்ட, அவள் அந்த இடத்திலேயே சோக்கால் கோடு போட்டாள். பிள்ளைகளுக்கான பரீட்சைப் புள்ளிகளையும் அவர்களே போட்டார்கள்.

பிரதம விருந்தினர் கொட்டில் பக்கம் வரவில்லை. அங்கே யாரும் அவரைத் தேடவும் இல்லை.

தர்சிகா இப்போது உடுப்பிட்டியில் ஒரு அறை எடுத்து, கூடப் படித்த இரண்டு பேரோடு அந்த உடுப்பைத்தான் தைக்கிறாள்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் ரீச்சரைப் பார்த்தேன். புற்றுநோய் அவரைப் பாதியாக்கியிருந்தது. கடிதத்தில் நானும் கையெழுத்து வைத்தேன் என்று அன்றுதான் வாயைத் திறந்து சொன்னேன்.

"தெரியும் சேர். அதிபர் காட்டினவர். உங்கடை கையெழுத்துத்தான் வடிவு."

பிறகு...

"மன்னிப்பெல்லாம் வேண்டாம். நான் போனாப்பிறகு அந்த வகுப்பை மூடப் பாப்பினம். அதுக்கு என்ன செய்யப்போறியள்?"



இன்று மத்தியானமே குழுவில் தொடங்கிவிட்டார்கள். மெழுகுதிரிகளுக்கு நடுவில் ஒரு யோசனை... தையலுக்கு இனி ஆள் இல்லைத்தானே, அந்த அறையை ஸ்மார்ட் வகுப்பறை ஆக்கலாமாம். பெட்டிக்குள் வைக்கவும் இல்லை அவரை.

சரி. எல்லோரும் பார்க்க இங்கேயே எழுதுகிறேன். அந்த அறை தையல் வகுப்புத்தான். புது ஆசிரியர் வரும்வரை கிழமையில் மூன்று நாள் வாறன் என்று தர்சிகா சொல்லிவிட்டாள். மற்ற இரண்டு நாளும் அளவுக் கணக்கு நான் எடுப்பேன். அதிபரிடம் நானே கதைப்பேன், வலயக் கல்விப் பணிமனைக்கும் நானே போவேன். திங்கட்கிழமை முதலாம் பாடத்துக்கு மெஷின்கள் ஓடும். நிறுத்த விருப்பமானவர்கள் நேரில் வரட்டும். குழுவில் எழுத வேண்டாம்.

நாளை பின்னேரம் மூன்றரைக்குக் குருநகர் தேவாலயத்தில் இறுதிப் பூசை.

போயிட்டு வாங்கோ, ரீச்சர். இங்கை நான் நிக்கிறன்.