கட்டணம் குறையும் வரை

ஏரியை ஒட்டிய கோட்டைக்குப்பத்தில் கூலிக்கு வலை இழுக்கப் போய்த் தொடங்கி, எவன் தயவும் இல்லாமல் மாடி வீடு கட்டியவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்புதான். மனைவி போனபின் அந்த வீட்டில் நான் மட்டும். மகன் சிங்கப்பூரில் வேன் ஓட்டுகிறான்.

அங்கே நெரிசலைக் குறைக்க, காலையில் நகரத்துக்குள் நுழையும் வண்டிக்குக் கட்டணம் வைத்திருக்கிறார்கள். கூட்டம் குறைந்ததும் கட்டணமும் குறையும். அதுவரை மகன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு எனக்குப் போன் செய்வான். நாள் முழுக்க என் வீட்டில் கேட்கும் பேச்சு அதுதான்.

ஏரிக்கரையில் இதைப் பெருமையாகச் சொன்னேன். "நம்ம ஏரியில வலை போடற பாடு மாதிரிதான். எல்லாரும் ஒரே எடத்துல வலை போட்டா முட்டிக்குவோம்னு ஆளுக்கொரு நாள் முறை வெச்சிருக்கோம் இல்ல?"

என்னோடு வலை இழுக்கும் பங்காளி சிரித்தான். "இன்னாண்ணே பேசற? இங்க முறை வரலன்னா கோடீஸ்வரனும் கரையிலதான் குந்தணும். அங்க காசு குடுத்தா பூந்துடலாமே."

"என் பையன் குடுக்க மாட்டான்டா" என்றேன்.

போன மாதம் மகன் சொன்னான். "நைனா, இனிமே முதலாளியே கட்டிடறேன்னாரு. நிக்க வேணாம், நேரா போயிடலாம்."

"நல்லதாப் போச்சுடா" என்றேன்.

மறுநாள் அதே நேரத்துக்கு நானே கூப்பிட்டேன். "வண்டி ஓட்டறேன் நைனா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான்.

"இன்னாண்ணே, பையன் போன் பண்லயா?" என்று ஏரிக்கரையில் கேட்டான் பங்காளி.

"ரோட்டுல காத்துக் கெடக்கிற வேலையெல்லாம் அவனுக்கு இப்ப இல்லடா. பெரிய ஆளாயிட்டான்" என்றேன். சொல்லும்போதும் போன் என் கையில்தான் இருந்தது.