பாதி ஜன்னல் ஊர்

சித்தி ஜன்னல் திரை தைப்பவர். ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர், அந்தப் பக்கம் புது ஊர். இரண்டின் குணமும் அவருக்கு அத்துப்படி. எங்களுக்குப் பாதி ஜன்னல் மறைந்தால் போதும். தெருவில் போகிறவரைக் கூப்பிட வேண்டுமே! புது ஊரில் திரை தரைவரை தொங்க வேண்டும்.

“அங்க நிழல் இருக்கு, பூங்கா இருக்கு. பேசத்தான் ஒரு நாதி இல்ல,” என்பார். அங்கே குடியிருக்கும் மகள், “தனியா கெடக்காம எங்கூட வந்துடும்மா,” என்று எத்தனை கெஞ்சியும் பிடிகொடுக்கவில்லை.

அந்த மகளுக்குத் திரை தைத்தபோது, கைப்பழக்கத்தில் எங்கள் ஊர் அளவுக்கு வெட்டிவிட்டார். மாட்டிப் பார்த்தால் ஜன்னலின் கீழ்ப்பாதி திறந்து கிடந்தது. சித்தி முகம் சுண்டிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

எதிர் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் குனிந்து பார்த்துச் சிரித்தாள். “என்னக்கா, துணி பத்தலையா?”

“பத்தாததாலதானே உங்க மொகம் தெரியுது!” சித்திக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“கழட்டட்டுமாம்மா?” என்றாள் மகள்.

“இருக்கட்டும்டி. இந்த ஜன்னலோரம் என் மெஷினைப் போட எடம் பத்துமா, பாரு.”