ஜாலான் புசார் விடுதியும் நான் பார்த்திருக்கக் கூடாத காமிராவும்

பிப்ரவரியில் நான்கு நாள் விடுப்பு கிடைத்தது. அலுவலக நெட்வொர்க்கை மறந்துவிட்டு, சிங்கப்பூரின் தேக்காவில் சாப்பிட்டுக்கொண்டு ஊர் சுற்றுவதுதான் திட்டம். காலை 7.10-க்குச் சாங்கி விமான நிலையத்தில் இறங்கினேன். எக்ஸ்போவில் ரயில் மாறி ஜாலான் புசார் நிலையத்துக்கு வந்தபோது 8.50. அங்கிருந்து விடுதி ஐந்து நிமிட நடை. அறை இரவுக்கு 95 சிங்கப்பூர் வெள்ளி.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. அறையில் படுத்தபடி, தொழில் புத்தி விடாமல், விடுதி வைஃபையிலிருந்து வேறு எதெல்லாம் எட்டுகிறது என்று போனில் தேடினேன். ஒரு முகவரியைத் தொட்டதும் கடவுச்சொல்கூடக் கேட்காமல் காமிராப் படம் திறந்தது. எங்கள் மாடி காரிடார்தான். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டபடி ஒரு பெண் எதிர் அறைக் கதவைத் திறந்துகொண்டிருந்தார். சட்டென்று மூடினேன்.

சொன்னால் என்னைத்தான் சந்தேகப்படுவார்கள். சொல்லாவிட்டால், அவர் வருவதையும் போவதையும் இங்கே தங்கும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கீழே போனேன்.

நான் பார்த்ததைச் சொன்னதும், விடுதியை நடத்தும் பரீதா அக்காவின் முகம் இறுகியது. "நீங்க ஏன் தம்பி அதைத் தேடுனீங்க?"

"தேடினது தப்புதான்க்கா. ஆனா முதல்ல அதை அடைக்கணும்."

ஜூரோங்கில் இருந்த டெக்னீஷியன் முரளியைப் போனில் பிடித்தார். "கெஸ்டுக்குத் தனி விலான், காமிராவுக்குத் தனி விலான் போட்டாச்சுலா. அப்புறம் காமிரா எப்படித் திறக்கும்?" என்றார் முரளி.

விலான் என்பது ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிப்பது; அவர் பிரித்தது உண்மைதான். ஆனால் அங்கிருந்தது லேயர் த்ரீ சுவிட்ச். ஒரு விலானில் இருப்பவரை இன்னொன்றுக்கு அதுவே வழிகாட்டி அனுப்பிவிடும். தடை விதி எழுதினால்தான் நிறுத்தும்.

முரளி ஒரு மணி நேரத்தில் வந்துசேர்ந்தார். கெஸ்ட் விலானிலிருந்து காமிராவுக்கும் அலுவலகத்துக்கும் தடை போட்டார். உடனே மூன்று அறைகளிலிருந்து அழைப்பு: வைஃபை வேலை செய்யவில்லை.

"கடைசி வரியில மத்த எல்லாத்துக்கும் அனுமதி குடுக்கலையே," என்றேன்.

"ஆமா ப்ரோ, அந்த வரி இல்லன்னா எல்லாத்தையும் அடைச்சிடும்."

அதைச் சேர்த்தார். என் போனில் இணையம் வந்தது, காமிரா திறக்கவில்லை. காமிராக்களுக்குக் கடவுச்சொல்லும் போட்டார்.

வேலை முடிந்தது என்று நினைத்தேன். பரீதா அக்கா எழுந்தார். "அந்தக் குழந்தையோட அம்மாகிட்ட சொல்லணும். மறைச்சா நாளைக்கு அவங்க முகத்தை எப்படிப் பாக்குறது?"

நானும் கூடப் போனேன். அந்தப் பெண் முழுவதும் கேட்டுவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"என் பிள்ளை முகம் தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுதுங்க. மன்னிச்சிடுங்க."

அவர் அன்று மாலையே வேறு விடுதிக்குப் போய்விட்டார். பரீதா அக்கா தடுக்கவில்லை. டாக்சி வரும்வரை அந்தப் பெண்ணின் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

விடுதி நடத்துபவர்களுக்கு: விலான் பிரித்ததோடு நிறுத்தாமல், கெஸ்ட் வைஃபையில் உட்கார்ந்து உங்கள் காமிராவை நீங்களே திறந்து பாருங்கள். என்னைப் போன்ற பயணிகளுக்கு: அடுத்தவர் நெட்வொர்க்கில் துழாவாதீர்கள். தற்செயலாக எதையாவது பார்த்துவிட்டால், என்ன நினைப்பார்களோ என்று யோசிக்காமல் அன்றே போய்ச் சொல்லுங்கள்.