கட்டிய காலும் நின்ற காரும்

ரவுண்டானாவின் நட்டநடுவில் கார் நின்றபோது கத்தரியக்கா முதலில் செய்த காரியம், குனிந்து தன் இடது காலைப் பார்த்ததுதான். பின்னால் ஒரு லாரி, அதற்குப் பின்னால் ஒரு பள்ளி வேன். இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு ஹாரன் அடித்தன. எஞ்சின் ஓடுகிறது. கியர் 'டி'யில் இருக்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் உறுமல் மட்டும் ஏறுகிறதே தவிர, வண்டி இம்மியும் நகரவில்லை. வேறு யாராக இருந்தாலும் காரைத் திட்டியிருப்பார்கள். இவள் காலைத் திட்டினாள்.

அந்தக் கால் ஒரு துண்டால், சீட்டுக்கு அடியில் இருக்கும் கம்பியோடு சேர்த்து இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. முடிச்சு கொஞ்சம் தளர்ந்திருந்ததோ? தளர்ந்துதான் இருக்க வேண்டும். "சனியனே, எல்லாம் உன்னாலதான்" என்று முணுமுணுத்தபடி எஞ்சினை அணைத்தாள். சற்றுப் பொறுத்து மறுபடி போட்டதும் ஒரு வெட்டு வெட்டிக் கார் கிளம்பியது. தாண்டிப் போன லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி ஏதோ சொன்னார். நல்ல வார்த்தையாக இருக்க வாய்ப்பில்லை.

காலைக் கட்டிக்கொண்டு கார் ஓட்டுகிறாளே, இவள் என்ன கிறுக்கா என்று கேட்பீர்கள். அதற்கு முன்னால் அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு முடி வெட்டுவது அவள் தொழில். சலூனுக்கு எழுந்து போக முடியாதவர்களை வீட்டில் இருப்பவர்கள் குளிப்பாட்டுவார்கள், மருந்து கொடுப்பார்கள், தலைமுடியை மட்டும் மறந்துவிடுவார்கள். அது சிக்குப் பிடித்து, அரிப்பெடுத்து, ஆளையே கேவலப்படுத்தும். கத்தரியக்கா காற்றடித்த ரப்பர் தொட்டி, மெழுகுத் துணி, வெட்டும் மெஷின், மூன்று கத்தரி என்று ஒரு மூட்டையோடு வந்து இறங்குவாள். எழ முடியாத தலையை ஒரே மூச்சில் வெட்டிவிட முடியாது. ஒரு பக்கம் முடித்து, ஆளை மெல்லப் புரட்டி, அப்புறம் மறுபக்கம். வெட்டி முடித்துக் கண்ணாடியைக் காட்டும்போது, பல மாதம் சிரிக்காதவர்கள்கூடச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே அவள் ஊரின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அலைந்தாள்.

சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததில் அவள் இடது முழங்கால் மடங்காது, அதற்குக் கீழே உணர்ச்சியும் பாதிதான். மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் நீட்டிய காலோடு நின்ற வருஷங்களை அவள் பெருமையாகச் சொல்லமாட்டாள், கோபமாகத்தான் சொல்வாள். கிளட்ச் மிதிக்க முடியாதவளுக்கு ஏது கார்? ஆட்டோமேட்டிக் வந்தது. இடது காலுக்கு வேலையே இல்லாத வண்டி! புதுசாகவே வாங்கினாள். முதல் நாள் தனியாக ஓட்டிவிட்டு வீட்டு வாசலில் நிறுத்தி, இறங்க மனசில்லாமல் வெகுநேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

சீட்டின் பிளாஸ்டிக் உறை கிழிவதற்குள் தொல்லை ஆரம்பித்தது. முதலில் மெதுவாகப் போகும்போது ஒரு உதறல். பிறகு கியர் மாறும்போது யாரோ பின்னாலிருந்து இடித்தது போல ஒரு குலுக்கல். கடைசியில், ஓடிக்கொண்டே இருக்கும்போது இழுவை மொத்தமாக அறுந்துபோவது. ஒவ்வொரு முறையும் சர்வீஸ் சென்டருக்கு ஓடினாள். அங்கே இருந்த சூப்பர்வைசர் கம்பெனி முத்திரை போட்ட, இஸ்திரி மடிப்புக் கலையாத நீலச் சட்டையும் தேன் ஒழுகும் பேச்சுமாக இருப்பார். ஒரு தடவை சாஃப்ட்வேர் மாற்றினார்கள், ஒரு தடவை ஆயில் மாற்றினார்கள். காலைக் குளிரில் ஆளை விட்டு ஓட்டிப் பார்த்து, வண்டி வெண்ணெய் மாதிரிப் போகிறது என்றார்கள். அதற்கு அப்புறம்தான் சூப்பர்வைசர் அவள் காலைப் பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். உங்களுக்கே தெரியாம இடது கால் பிரேக் மேல படுது. ரெண்டும் ஒண்ணா மிதிபட்டா கியர்பாக்ஸ் குழம்பிடும். வண்டி மேல தப்பே இல்ல."

பாதி மரத்துப்போன கால். எங்கே படுகிறது என்று அவளுக்கே நிச்சயமாகத் தெரியாது. அதனால் நம்பினாள். அவள் அண்ணன் அவளைவிடச் சீக்கிரம் நம்பினான். பெயின்ட் கடை வைத்திருக்கும் மனுஷன், தங்கை விஷயத்தில் பயந்தாங்கொள்ளி. "இன்னொரு தடவை ரோட்டுல நின்னுச்சுன்னா சாவியை என்கிட்ட குடுத்துடணும் பாப்பா. வீடு வீடாப் போனது போதும். என் கடையில கல்லாவுல உக்காரு" என்று ஒரே பிடியாக நின்றான். அவளும் தலையாட்டிவிட்டாள். கல்லாவில் உட்காருவதை நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது.

அன்று ராத்திரியே துண்டை எடுத்துக் காலைக் கட்டிப் பார்த்தாள். மறுநாள் மழை பிடித்தது. வாரக்கணக்கில் விடாமல் பெய்தது. அத்தனை வாரமும் கார் ஒரு தடவைகூட நிற்கவில்லை! குளிரில் நிற்காத வண்டி வெயிலில் நிற்கலாம் என்று அவளுக்கு யார் சொல்வது? கால்தான் குற்றவாளி என்று தீர்மானமாகிவிட்டது. சர்வீஸ் சென்டருக்கே போய்ச் சூப்பர்வைசரிடம் காலைக் கட்டிய கதையைச் சொல்லி, வீணாக அலைய விட்டதற்கு மன்னிப்பும் கேட்டாள். அவர் மேஜை மேல் பேனாவை உருட்டினார். பிறகு, "பாத்தீங்களா மேடம், நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார்.

மழை விட்டு, சுள்ளென்று வெயில் அடித்த முதல் நாள்தான் இன்று. ரவுண்டானாவில் நின்றதை அண்ணனிடம் சொல்வதா வேண்டாமா என்ற குழப்பத்தோடு கத்தரியக்கா புது வீடு ஒன்றைத் தேடி வந்து சேர்ந்தாள். மருந்துக் கடையில் நம்பர் வாங்கி ஒரு பெண் போன் பண்ணியிருந்தாள். மாமனாருக்குக் கைகால் ஒரு பக்கம் விழுந்துவிட்டதாம், முடி வெட்ட வேண்டுமாம்.

முன் அறையில் ஜன்னல் ஓரமாகக் கட்டில். பெரியவர் பேச முடியாமல் கண்ணால் வரவேற்றார். மருமகள் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். கத்தரியக்கா மெழுகுத் துணியை விரித்து, தலையை நனைத்து, வலது பக்கத்தை முடித்தாள். முடியைத் தட்ட நிமிர்ந்தபோதுதான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். தகரக் கொட்டகைக்குள் ஒரு கார், பாதி உறை விலகிக் கிடந்தது. அச்சு அசல் அவள் கார் மாதிரியேதான். அதே மாடல், அதே சாம்பல் நிறம். மேலே விரல் கனத்துக்குத் தூசி.

"உங்ககிட்டயும் இந்த வண்டிதானா?" என்று சும்மா பேச்சுக்குக் கேட்டாள்.

மருமகள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அதை ஏன்க்கா கேக்கறீங்க! பிள்ளைங்களை வச்சுக்கிட்டு நடுப் பாலத்துல நின்னுடுச்சு. எஞ்சின் கத்துது, வண்டி நகரல. பின்னாடி பஸ் வருது. உசுரு போய் உசுரு வந்துச்சு."

கத்தரி அந்தரத்தில் நின்றது.

"வீட்டுக்கு வந்து சொன்னா, எங்க வீட்டுக்காரர் என்னையே திட்டறாரு. நீதான் ரெண்டு பெடலையும் சேர்த்து மிதிச்சிருப்பேன்னு. அழுதுட்டேன்க்கா. மறுநாள் நல்ல வெயில்ல அவரே எடுத்துட்டுப் போனாரு. அதே பாலம், அதே மாதிரி நின்னுச்சு! வேர்க்க விறுவிறுக்க நடந்தே வந்தாரு. அன்னைக்குக் கொட்டகையில விட்டதுதான், யாரையும் தொட விடல. கியர்பாக்ஸே கோளாறாம். சூடானா நின்னுடுமாம்."

"எப்ப இது?" குரல் தனக்கே கேட்காத அளவுக்குச் சின்னதாக வந்தது.

"மழைக்கு முன்னாடியேக்கா."

"உங்க வீட்டுக்காரர் எங்க வேலை பாக்கறார்?"

"அந்தக் கார் கம்பெனி சர்வீஸ்லதான். அங்க சூப்பர்வைசர்."

கத்தரியக்கா மறுபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த சட்டை இப்போதுதான் கண்ணில் பட்டது. அதே நீலம், பையில் அதே முத்திரை. மழைக்கு முன்னாடியே அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான், மழையில் நனைந்து போய் மன்னிப்புக் கேட்டவளிடம் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறார். பேனாவை உருட்டியது இதற்குத்தானா! கோபம்கூட வரவில்லை. ஒரு மனுஷன் இப்படிச் செய்வானா என்ற திகைப்புதான் வந்தது.

"என்னக்கா, மூஞ்சியெல்லாம் வெளுத்துப்போச்சு? தண்ணி தரட்டுமா?" என்று பதறினாள் மருமகள். கத்தரியக்கா சொன்னாள். கார், கால், துண்டு, ரவுண்டானா எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கக் கேட்க அந்தப் பெண்ணின் கை வாயைப் பொத்திக்கொண்டது. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். பேச்சுத்தான் போயிற்றே தவிர, அவருக்குக் காது நன்றாகவே கேட்டது.

அந்த நேரம் பார்த்து மதியச் சாப்பாட்டுக்குச் சூப்பர்வைசர் உள்ளே நுழைந்தார். முதலில் பாதித் தலை வெட்டிய அப்பாவைப் பார்த்தார். அடுத்துக் கத்தரியோடு நிற்பவளைப் பார்த்தார். பேயைக் கண்டவர் போல வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"என்னங்க, இவங்க காலைக் கட்டிக்கிட்டு ஓட்டறது உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் மனைவி.

"மேல இருந்து அப்படித்தான் சொல்லச் சொல்றாங்க... கஸ்டமர் ஓட்டற விதம்னு..." அவருடைய தேன் எல்லாம் எங்கோ வற்றிப்போயிருந்தது.

"நான் அதைக் கேக்கல. தெரியுமா தெரியாதா?"

அவர் பார்வை கொட்டகைப் பக்கம் போனது. கத்தரியக்கா சீப்பைக் கையில் எடுத்தாள். பாதித் தலையோடு யாரையும் அவள் இதுவரை விட்டுவிட்டுப் போனதில்லை. "அப்பாவை அந்தப் பக்கம் திருப்பணும். தோளைப் பிடிங்க" என்றாள். அவர் ஓடி வந்து பிடித்தார். மகன் அப்பாவின் தோளைத் தாங்கிக்கொண்டு நிற்க, அவள் இடது பக்கத்தை வெட்டினாள். இத்தனை மெதுவாக அவள் எந்தத் தலையையும் வெட்டியதில்லை.

முடிந்ததும் முடியைக் கூட்டிப் பையில் போட்டாள். கண்ணாடியை எடுத்துப் பெரியவரிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை, மகனைப் பார்த்தார். கத்தரியக்கா கார் சாவியை எடுத்துச் சூப்பர்வைசரிடம் நீட்டினாள்.

"நான் ஓட்டினாத்தானே நிக்குது? நீங்க ஓட்டுங்க. பாலத்துக்கு அந்தப் பக்கம், எங்க அண்ணன் கடை வரைக்கும். நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

சாவியை வாங்க அவர் கை எழவில்லை. "வேண்டாம் மேடம்" என்றார் அவசரமாக. "வெயில் ஏறிடுச்சு. பாலத்துல நின்னுடும்."

சொல்லிவிட்டு அவரே அதிர்ந்துபோனார். சர்வீஸ் சென்டரில் எத்தனை நடை நடந்தும் கிடைக்காத உண்மை, தானே அந்த சீட்டில் உட்கார வேண்டும் என்றதும் எவ்வளவு சுளுவாக விழுந்துவிட்டது! கத்தரியக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில் மேல் வைத்தாள். "இப்ப சொன்னதை அப்படியே எங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க."

மனைவியும் அப்பாவும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் குனிந்து நின்று சொன்னார். "சார், கோளாறு கியர்பாக்ஸ்லதான். எங்க வீட்டுலயும் அதே வண்டி, அதே கோளாறு. உங்க தங்கச்சி ஓட்டறதுல ஒரு தப்பும் இல்ல. அவங்க காலைக் கட்டிக்க வேண்டிய அவசியமே இருந்ததில்ல சார்."

கடையில் பெயின்ட் டப்பாவைக் குலுக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதை அண்ணன் நிறுத்தியது கேட்டது.

"காலைக் கட்டிக்கிட்டா? பாப்பா, காலைக் கட்டிக்கிட்டா ஓட்டின?"

"ஆமாண்ணா."

"எங்கயாவது மோதி, தீப்பிடிச்சிருந்தா நீ எப்படிடி வெளிய வந்திருப்ப?" குரல் உடைந்தது. "யாரு கட்டச் சொன்னது? அந்தாளா?"

கத்தரியக்கா சூப்பர்வைசரை நிமிர்ந்து பார்த்தாள். ஆமாம் என்று சொல்ல வாய் திறந்தாள். ஆனால் காலைக் கட்டச் சொன்னவர் அவர் இல்லை. அண்ணனும் இல்லை.

"யாரும் சொல்லலண்ணா" என்றாள். "நானேதான் கட்டிக்கிட்டேன்."

சொன்ன சொல் தன் காதிலேயே விழுந்தபோதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டிலின் ஓரத்தில் பெரியவருடைய கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டாள்.