கோடு நின்னா சொல்லு

ஓடிக்கொண்டிருந்த மோட்டார் ஒன்று என் கண்ணெதிரே நின்றது, எனக்கு ஏழு வயதில். ஓசூரில், ஒட்டிக்கொண்டு நின்ற ஆறு வாடகை வீடுகளில் மூன்றாவதன் சமையலறையில். இப்போது நினைத்தாலும் வலது கை தானாக மடிக்குள் போய்விடுகிறது.

கம்பெனிகளில் வேலை செய்யும் பையன்களுக்கு அம்மா அப்போது இட்லி மாவு அரைத்து விற்றுக்கொண்டிருந்தாள். பெரிய கிரைண்டர். அதன் மோட்டார் புகைந்துபோய், கடையில் காயிலை, அதாவது உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுருளை, புதிதாகக் கட்டி வந்த நாளிலிருந்து மாவு நைசாக வரவில்லை. பழைய வேகத்தில்தான் ஓடுகிறது என்று கடைக்காரர் பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும் சத்தியம் செய்தார். அம்மா இரண்டு மொழியையும் நம்பவில்லை. "நீயே அளந்து சொல்லுடா" என்று தம்பியிடம் ஒப்படைத்துவிட்டாள்.

தம்பி என்றால் என் மாமா. ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். சாம்பாரில் உப்பு உட்பட எதையும் சோதித்துப் பார்க்காமல் ஏற்றுக்கொள்ளாதவர்.

அந்த வாரம் அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் ஓர் அக்காவுக்கு மெஷினில் இரண்டு விரல்கள் போய்விட்டன. மெஷின் நின்றிருந்தது, அதனால்தான் துடைக்கக் கை வைத்தேன் என்று அந்த அக்கா சொல்லியிருந்தார். ஆனால் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. மெஷினில் கோளாறும் இல்லை. காரணம் என்ன என்று மாமாதான் எழுதித் தர வேண்டும். கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் அந்த அக்காவுக்கு வேலை இல்லை. அப்படி எழுதிய தாள் எங்கள் ஃப்ரிட்ஜ் மேல், ஊறுகாய் பாட்டிலுக்கு அடியில், கையெழுத்தில்லாமல் இரண்டு நாளாகக் கிடந்தது.

"ஓடற மெஷினு கண்ணுக்குத் தெரியாதாக்கா?" என்று மாமா சாப்பிடும்போதெல்லாம் கேட்டார்.

"போன்ல பேசிட்டு இருந்திருப்பா" என்றாள் அம்மா, பக்கத்தில் நின்று பார்த்தவள் போல.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா கம்பெனியிலிருந்து ஒரு விளக்கைக் கேட்டு வாங்கி வந்தார். பார்க்க ஹேர் டிரையர் மாதிரி இருந்தது. படபடவென்று விட்டுவிட்டு எரிந்தது. முதலில் கிரைண்டரின் மூடியைக் கழற்றினார். இரண்டாவது, மோட்டார் சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். மூன்றாவது, இருட்டாவதற்காக ஜன்னலைச் சாத்தினார். மோட்டாரை ஓடவிட்டு அதன்மேல் விளக்கைப் பிடித்து, அது துடிக்கும் வேகத்தைத் திருகித் திருகிக் குறைக்க வேண்டும். விளக்கின் வேகமும் சக்கரத்தின் வேகமும் ஒன்றாகும்போது ஒற்றைக் கோடு அசையாமல் நிற்பதுபோல் தெரியும். அப்போது விளக்கின் முதுகில் காட்டும் எண்தான் மோட்டாரின் வேகம்.

இதெல்லாம் இன்று எனக்குத் தெரியும். அன்று மாமா என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "பாப்பா, ஒத்தக் கோடு நின்னா சொல்லு."

நான்கு கோடுகள் தெரிந்தன. பிறகு மூன்று, இரண்டு. கடைசியில் ஒன்று மட்டும் சோம்பலாகப் பின்னால் நகர்ந்து, நின்றது.

"நின்னுடுச்சு மாமா!"

மாமா எண்ணைப் படிக்கக் குனிந்தார். சக்கரத்தில் இருந்த பழைய கீறலும் எண்ணெய்ப் பிசுக்கும்கூட எனக்குத் தெளிவாகத் தெரிந்தன. சத்தம் கேட்டது, ஆனால் எங்கள் வரிசையில் ஏதாவதொரு வீட்டு மோட்டார் எப்போதும் சத்தம் போட்டுக்கொண்டுதான் இருக்கும். கோட்டின் ஒரு முனை மங்கியிருந்தது. சரிசெய்து கொடுக்கலாமே என்று சாக்பீஸோடு கையை நீட்டினேன்.

பட்டென்று ஒரு சத்தம். கையில் சாக்பீஸ் இல்லை. அதன் துண்டு மாமாவின் நெற்றியில் அடித்து விழுந்தது. அம்மா என் பின்னலைப் பிடித்து இழுத்து, அறைந்தாள். அதுவரை அவள் என்னை அடித்ததே இல்லை. பிறகு என் விரல்களை எண்ணினாள். ஐந்து. நம்பாமல் மறுபடியும் எண்ணினாள்.

"ஓடற மோட்டார்ல கை வெப்பியாடி?"

"ஓடல. நின்னுட்டுதான் இருந்துச்சு."

இன்னொரு அறை விழுந்தது.

மாமா சுவிட்சை அணைத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியில் வெள்ளைப் பொடியோடு அவர் முகம் வேறு யாருடையதோ போல இருந்தது.

"விடுக்கா" என்றார். என்னைத் தன் முன்னால் நிறுத்திக்கொண்டார். "பாப்பா, மாமா அடிக்க மாட்டேன். நெஜத்தச் சொல்லு. நின்னுடுச்சுன்னுதான் கை வெச்சியா? இல்ல, ஓடுதுன்னு தெரிஞ்சேவா?"

அவர் குரல் நடுங்கியது. என்மேல் அவ்வளவு கோபம் என்று நினைத்தேன். அவருக்குப் பின்னால் அம்மாவின் கை இன்னும் இறங்கவில்லை. நான் கணக்குப் போட்டேன்: நின்றது என்றதற்கு அறை கிடைத்தது. ஆகவே அது தப்பான விடை.

"ஓடுதுன்னு தெரியும் மாமா. சும்மா வெளையாட்டுக்கு வெச்சேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

மாமா மெல்ல மூச்சு விட்டார். மோட்டாரின் வேகம் நிமிஷத்துக்கு ஐம்பது சுற்று குறைவு என்றார். பார்த்தியா, பார்த்தியா என்று அம்மா கடைக்காரரைத் திட்ட ஆரம்பித்தாள்.

பல வருஷம் கழித்து, போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனியில் நான் வேலையில் சேர்ந்த முதல் வாரம் பாதுகாப்பு வகுப்பு நடத்தினார்கள். பழைய ட்யூப்லைட்டும் நம் கண்ணுக்குத் தெரியாமல் விட்டுவிட்டுத்தான் எரிகிறது. அந்த வெளிச்சம் மட்டும் இருக்கும் இடத்தில் சுழலும் மெஷின் சில சமயம் நிற்பதுபோலவே தெரியும். மற்ற மெஷின்களின் இரைச்சலில் வித்தியாசம் புரியாது. கை போனவர்கள் உண்டு. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நான் பாதி வரியில் நிறுத்திவிட்டேன். மெஷின் நின்றிருந்தது என்று சொன்ன அந்த அக்கா நினைவுக்கு வந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா தரையிலிருந்து எழுந்து முகம் கழுவினார். ஊறுகாய் பாட்டிலை நகர்த்தித் தாளை எடுத்தார். "பாப்பா, அந்தப் பேனாவ எடு" என்றார். ஓடிப்போய் எடுத்து, மூடியையும் கழற்றிக் கொடுத்தேன். மாமாவுக்கு என்மேல் கோபமில்லை என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.