சூப் மாமிக்கு விருது, மச்சாளுக்கு மலை

இந்தப் பயணம் ஒரு நேர்த்திக்கடன். வைத்தது சுவிசில் உள்ள திரிம்பாக் அம்மனுக்கு, வைத்த காரணம் ஒரு கொரிய நடிகை. சிரிக்க விரும்புகிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். அக்ஸல்ப் மலைக்குக் காரில் போவது எப்படி, எவ்வளவு செலவு என்று பார்க்க வந்தவர்களுக்கு எல்லாம் கீழே இருக்கிறது. ஆனால் ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் பீலில் இருந்து மலை உச்சி வரை கார் ஓடியது நான் அல்ல, என் மச்சாள் ஜெயந்தி. ஆகவே இது அவருடைய கதை, நான் பக்கத்து இருக்கையில் இருந்து கத்தியவள் மட்டுமே.

மச்சாள் என் கணவரின் அக்கா. வயது ஐம்பத்திரண்டு. பீலில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் பல வருடமாக வேலை செய்தவர். நான் அதே ஊரில் ஒரு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் முள் பொருத்துகிறேன். எங்கள் இருவருக்கும் 2011 அளவில் கொரிய நாடகப் பைத்தியம் பிடித்தது. யாரிடம் இருந்து யாருக்குத் தொற்றியது என்பதில் இன்றும் தகராறு உண்டு. அன்று தொடங்கி, வேலை முடிந்து வந்தால் அடுப்பில் கறி, மேசையில் கணினி, திரையில் சோல் நகரம்.

எல்லாரும் கதாநாயகனைப் பார்ப்பார்கள். நாங்கள் பார்த்தது மா கும்-ஒக் என்ற நடிகையை. பெயர் வாயில் நுழையாததால் நாங்கள் வைத்த பெயர் சூப் மாமி. எந்த நாடகத்தில் வந்தாலும் சாப்பாட்டுக்கடைக்காரி, வேலைக்காரி, நாயகியின் அம்மா என்று வந்து, யாருக்காவது ஒரு கோப்பை சூப் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்துக்காக நாங்கள் பதினாறு மணிநேர நாடகத்தைப் பார்த்த நாட்களும் உண்டு.

போன வருடம் சூப் மாமிக்கு ஒரு பெரிய காட்சி கிடைத்தது. அதுவும் எங்கள் நாட்டில். சுவிசுக்கு வந்து காணாமல் போன மகனைத் தேடி, சோலில் கடை நடத்தும் ஒரு தாய் வருகிறாள். வாடகைக் கார் எடுத்துத் தனியே அக்ஸல்ப் மலை ஏறுகிறாள். பிரியன்ஸ் ஏரி தெரியும் ஒரு வளைவில் நிறுத்தி, அங்கிருக்கும் மரவாங்கில் அமர்ந்து, கொண்டு வந்த சாப்பாட்டைத் திறந்து சாப்பிடுகிறாள். வசனமே இல்லை, கண்ணீரும் இல்லை. மச்சாள் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். அவரது கண் சூப் மாமியின் முகத்தில் இல்லை, ஸ்டியரிங்கில் இருந்த கையில் இருந்தது. எனக்கு அப்போது அது விளங்கவில்லை.

மச்சாளின் கணவர், எங்கள் அத்தான், இருந்தவரை அவர்தான் சாரதி. அவர் தவறி நாலு வருடம். அதற்குப் பிறகு கோயிலுக்குப் போவதென்றாலும் யாராவது வந்து ஏற்றவேண்டும். மச்சாள் இரண்டு தரம் கார் ஓட்டச் சோதனைக்குப் போய், இரண்டு தரமும் காரைப் பின்னுக்கு எடுக்கும்போது தவறியிருந்தார். மூன்றாம் தரமும் தவறினால், ஓடத் தகுதி உண்டா என்று உளவியல் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். "எனக்கு விசர் எண்டு எழுதித் தருவினம்" என்று சொல்லி அத்தோடு விட்டுவிட்டார்.

வருடக் கடைசியில் கொரியத் தொலைக்காட்சிகள் நாடக விருது கொடுக்கும். சிறந்த துணை நடிகைப் பட்டியலில் சூப் மாமியின் பெயர் வந்த கிழமையே மச்சாள் என்னைத் திரிம்பாக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனார். அருச்சனைத் தட்டை நீட்டினார். ஐயர் பெயர் கேட்டார்.

"மா கும்-ஒக்."

ஐயர் தட்டைப் பார்த்தார், மச்சாளைப் பார்த்தார். "நட்சத்திரம்?"

"ரேவதி, மீன ராசி. பிறந்த நேரம் தெரியாது ஐயா, நாள் முழுக்க அதே நட்சத்திரம்தான். கொரிய நேரத்துக்கும் கணிச்சுப் பாத்திட்டன்."

ஐயர் நல்ல மனிதர். மேலே ஒன்றும் கேட்காமல் மந்திரத்தில் பெயரைச் சேர்த்துக்கொண்டு உள்ளே போனார். மச்சாள் கண்ணை மூடி, எனக்குக் கேட்கும்படியாகவே நேர்த்தி வைத்தார். மாமிக்கு விருது கிடைத்தால் மூன்றாம் தரம் சோதனைக்குப் போவேன், அவர் ஏறிய மலையில் நானே கார் ஓடி ஏறித் தேங்காய் உடைப்பேன்.

விருது நாள் டிசம்பர் 31. அங்கே இரவு என்றால் எங்களுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஐந்து பேர் பட்டியலில் நாலு பேர் இளசுகள். பெயர் அறிவித்தார்கள். சூப் மாமி எழும்பவே இல்லை. வேறு யாருக்கோ என்று நினைத்துக் கை தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் எழும்பினார். நாங்கள் இருவரும் அதற்கு முன்பே எழும்பிக் குதித்து, கீழ் வீட்டுக்காரர் வந்து மணி அடித்துவிட்டார். என் வாழ்க்கையில் தேர்தலுக்கோ கிரிக்கெட்டுக்கோ அப்படிக் கத்தியது இல்லை.

மாமி மேடையில் பேசியது இரண்டு நாள் கழித்து மொழிபெயர்ப்பு எழுத்துடன் வந்தது. "முப்பது வருடமாக எல்லாருக்கும் சூப் ஊற்றிக் கொடுத்தேன். இன்றைக்கு யாராவது எனக்கு ஒரு கோப்பை ஊற்றித் தாருங்கள்." மச்சாள் அதை இரண்டு தரம் போட்டுப் பார்த்தார். அடுத்த நாள் காலை கார் பழக்கும் ஆசிரியருக்குத் தொலைபேசி எடுத்தார். ஏப்ரலில் சோதனை, பாஸ்!

அதோடு ஒரு வேலையும் வந்தது. பீலுக்கு மேலே மலைச்சரிவுக் கிராமங்களில் தனியே இருக்கும் முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கும் வேலை. கட்டாயம் கார் ஓடவேண்டும். எல்லாம் வளைவுப் பாதை, பனிக்காலத்திலும் ஏறவேண்டும். ஜூன் நடுவில் ஒரு திங்கட்கிழமை தொடக்கம். அதற்கு முந்திய சனிக்கிழமையைத்தான் மச்சாள் நேர்த்திக்குத் தேர்ந்தெடுத்தார்.

"அக்ஸல்ப் ஏறினா வேலைக்குப் போவன். ஏறேலாட்டி ஞாயிறே அவையளுக்குக் கதைச்சு வேண்டாமெண்டு சொல்லிப்போடுவன். கிழவன் கிழவியளை நடுவழியிலை காக்க வைக்கக் கூடாது."

என் கணவர் வாசலில் நின்று வழியனுப்பினார். அவருக்கு அக்காமேல் பாசம் அதிகம், நம்பிக்கை குறைவு. "அக்கா, ஓட்டோபான் வேறை, மலை வேறை. பாதியிலை நிண்டா போன் அடியுங்கோ. நான் ரெயினிலை வந்து காரைக் கொண்டு வாறன்."

"ஓம் தம்பி. நீ போனைச் சார்ஜிலை போட்டு வை" என்றார் மச்சாள்.

காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். பீலில் இருந்து பேர்ன் நாற்பது கிலோமீற்றர் அளவு, அங்கிருந்து இன்டர்லாக்கன் அறுபதுக்குக் கொஞ்சம் குறைவு. ஓட்டோபான் என்ற வேகச்சாலையில்கூட எண்பதுக்கு மேலே மச்சாள் போகவில்லை. பார ஊர்திகள்கூட எங்களைத் தாண்டிப் போயின, ஒரு சாரதி திரும்பிப் பார்த்தும் போனார். நான் வாயைத் திறந்தால், "நான் விழாவுக்குப் பிந்தேல்லை, நீர் சும்மா இரும்" என்று பதில். தூன் ஏரிக்கரையில் நிறுத்திக் கோப்பி குடித்தோம். ஒரு கோப்பி ஐந்து பிராங்குக்கு மேல். வீட்டில் இருந்து கொண்டு போவது உத்தமம்.

இன்டர்லாக்கன் தாண்டினால் பிரியன்ஸ் ஏரி. நடுவில் இசெல்ட்வால்ட் வரும். கொரிய நாடகத்தால் புகழ் பெற்ற மரப் படகுத்துறை அங்கேதான், கூட்டமும் அங்கேதான். துறையில் கால் வைக்க ஐந்து பிராங். ஏரியின் நிறத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை, பச்சையா நீலமா என்று நாங்களே சண்டை பிடித்தோம். இறங்கிப் பார்ப்போமா என்று கேட்டேன். "அது நாயகன் நாயகிக்கு. எங்கடை ஆள் மேலை நிக்கிறா" என்று மச்சாள் நேரே விட்டார்.

பிரியன்ஸில் ஓட்டோபானை விட்டு இறங்கியதும் மலைப்பாதை தொடங்குகிறது. உச்சிவரை பத்துக் கிலோமீற்றர் அளவு. அகலம் குறைவு, வளைவு அதிகம், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றும் இல்லை. தொடக்கத்தில் நீலப் பலகையில் மஞ்சள் ஊதுகொம்பு போட்டிருக்கும். தபால் துறையின் மஞ்சள் போஸ்ட் பஸ் ஓடும் மலைப்பாதை என்று அர்த்தம். அங்கே அந்தப் பஸ் சாரதி போ என்றால் போகவேண்டும், பின்னுக்கு எடு என்றால் எடுக்கவேண்டும். இது சோதனையில் கேட்கும் கேள்வி. மச்சாள் மனப்பாடமாகச் சொன்னார். மனப்பாடமாகச் சொன்னது பாதி வழியில் முன்னால் வந்து நிற்கும் என்று யார் கண்டது?

முதலில் சத்தம். மூன்று சுரத்தில் கொம்பு ஊதும் அந்த அழகான சத்தத்தைச் சுவிசில் எல்லாரும் ரசிப்பார்கள். காரை ஓடுகிறவருக்கு அது வேறு மாதிரிக் கேட்கும். வளைவில் இருந்து முழுப் பஸ்சும் வெளியே வந்து எங்களுக்கு முன்னால் நின்றது. சாரதி கையைக் காட்டினார். பின்னுக்கு.

ஒதுங்கும் இடம் எங்களுக்குப் பின்னால், ஒரு சின்ன வளைவு தள்ளி இருந்தது. பஸ்சுக்குள் இருந்த அத்தனை பேரும் எங்களைப் பார்த்தார்கள். மச்சாளின் முகத்தில் இரத்தம் இல்லை. எனக்கு லைசென்ஸ் இருக்கிறது, பதினைந்து வருடமாக ஓடுகிறேன்.

"மச்சாள், இறங்கி இஞ்சாலை வாங்கோ. நான் எடுக்கிறன்."

"நேர்த்தியை நீரோ வைச்சனீர்?"

மச்சாள் காரில் போய்க்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார். கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியே பார்த்து, மெல்ல எடுத்தார். கார் கோணியது. பள்ளத்துப் பக்கம் சாய்ந்து போவது எனக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. நிறுத்தினார். முன்னுக்கு எடுத்து நேராக்கி, மறுபடி பின்னுக்கு. அப்போது பின்னால் "டொக்" என்று ஒரு சத்தம். என் உயிர் போய்விட்டது. இடித்துவிட்டோம், முடிந்தது, வேலையும் போச்சு, நேர்த்தியும் போச்சு என்று கதவைப் பிடித்தேன்.

"தேங்காய்" என்றார் மச்சாள், திரும்பாமல்.

டிக்கியில் வைத்த மூன்று தேங்காயும் பையை விட்டு வெளியே வந்து உருண்டுகொண்டிருந்தன. டொக், டொக், டொக். அந்தத் தாளத்தோடேயே கார் வளைவைத் தாண்டிப் பின்னுக்கு வந்து, ஒதுங்கும் இடத்தில் அளவெடுத்து வைத்ததுபோல் நின்றது. பஸ் எங்களை உரசுகிற நெருக்கத்தில் இறங்கியது. சாரதி யன்னலைத் திறந்து கட்டை விரலைக் காட்டி, "திப் தொப்!" என்றார், பிரமாதம் என்று அர்த்தம். பஸ்சின் பின் இருக்கையில் இருந்த இரண்டு பேர் கை தட்டினார்கள். மச்சாள் கைப் பிரேக்கைப் போட்டுவிட்டு, ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரிக்கத் தொடங்கினார். நான்தான் அழுதேன். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

மீதி வளைவுகளை அவர் ஏறிய விதம் வேறு. பத்தரைக்கு அந்த வாங்குக்கு வந்து சேர்ந்தோம். திரையில் பார்த்த அதே வாங்கு, கீழே அதே ஏரி. ஓரத்துப் பாறையில் மச்சாள் தேங்காய் உடைத்தார். முதல் அடியிலேயே சரிபாதி. நடைத்தடியோடு வந்த சுவிஸ் தம்பதி நின்று, எதற்கு என்று கேட்டார்கள். "ஒரு நடிகைக்கு விருது கிடைத்ததற்கு" என்று ஜேர்மனில் சொன்னேன். நியாயமான காரணம் என்பதுபோல் தலையாட்டிவிட்டு, ஆளுக்கொரு துண்டு தேங்காயோடு போனார்கள். பாறையைக் கழுவிச் சிரட்டையைப் பைக்குள் போட்ட பிறகு மச்சாள் தொலைபேசியை எடுத்தார்.

"தம்பி, போனைச் சார்ஜிலை இருந்து கழட்டு. சார்ஜ் ஏறினது காணும்."

போக விரும்புகிறவர்களுக்கு: கண்ணாடியில் ஒட்டும் ஓட்டோபான் வருடக் கட்டண வில்லை, விக்னெற், நாற்பது பிராங், ஏற்கெனவே ஒட்டியிருந்தால் செலவில்லை. போய்வர எங்களுக்குப் பெற்றோல் முப்பது பிராங் அளவு முடிந்தது. மேலே காரை நிறுத்தக் கட்டணம் உண்டு, சில்லறை வைத்திருங்கள். போஸ்ட் பஸ் எத்தனை மணிக்கு இறங்கும் என்று அட்டவணையைப் பார்த்துவிட்டு ஏறுங்கள், நாங்கள் பார்க்கவில்லை. இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் குறைந்த கியரில் வாருங்கள். கார் இல்லாதவர்கள் ரெயினில் பிரியன்ஸ் வரை இரண்டு மணிநேரத்தில் வரலாம், அங்கிருந்து அதே மஞ்சள் பஸ் அரை மணிநேரத்தில் மேலே கொண்டு போகும். டிக்கியில் தேங்காய் கொண்டு போனால் இறுக்கிக் கட்டுங்கள்.

சாப்பாடும் கட்டிக்கொண்டு போங்கள். நாங்கள் பிளாஸ்கில் கொண்டு போனது ஆட்டெலும்பு சூப், மச்சாள் விடிய எழும்பி வைத்தது. வாங்கில் இருந்ததும், பழக்கத்தில் முதல் கோப்பையை எனக்கு ஊற்றப் பிளாஸ்கைத் திறந்தார். ஏரியைப் பார்த்தார். பிறகு பிளாஸ்கை என் கையில் வைத்துவிட்டு, தன் கோப்பையை நீட்டினார்.

"இண்டைக்கு நீர் எனக்கு ஊத்தும்."

வழிய வழிய ஊற்றினேன்.